கெய்சர் கல்லும் ஈயச் சொம்பும்: பெங்களூர் வீடுகளிலிருந்து சில வேதியியல் கேள்விகள்

அல்சூரில் முப்பத்தோரு வருஷம் வேதியியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள் நான். நம் ஊர்த் தமிழ் வீடுகளிலிருந்து வந்த கேள்விகளில், சமையலறையையும் குளியலறையையும் தொட்டவற்றை முதலில் எடுத்துக்கொண்டேன். பாடக் கேள்வி ஒன்றே ஒன்று, கேட்ட பெண் ரொம்பக் கெஞ்சியதால்.

கே.ஆர்.புரம், ஒன்பதாம் வகுப்பு மாணவி: டீச்சர், கலவைக்கும் சேர்மத்துக்கும் என்ன வித்தியாசம்? எத்தனை தடவை படித்தாலும் குழம்புகிறது.

கடுகையும் சீரகத்தையும் ஒன்றாகக் கொட்டிவிட்டாய் என்று வைத்துக்கொள். அம்மா திட்டுவார், ஆனால் உட்கார்ந்து பொறுக்கினால் பிரித்துவிடலாம். கடுகு கடுகாகவேதான் இருக்கும். அது கலவை.

உப்பு அப்படியில்லை, அது சேர்மம். அதிலுள்ள சோடியம் ஒரு உலோகம், தண்ணீரில் போட்டால் சீறிக்கொண்டு ஓடும், தீயும் பிடிக்கும். இன்னொன்று குளோரின், முதல் உலகப் போரில் 1915-ல் பெல்ஜியப் போர்முனையில் ஆட்களைக் கொன்ற வாயு. இந்த இரண்டு தனிமங்களும் சேர்ந்ததைத்தான் ரசத்தில் போடுகிறோம். சேர்ந்த பிறகு பழைய குணம் துளியும் மிச்சமில்லை. பொறுக்கிப் பிரிக்கவும் முடியாது. 1807-ல் ஹம்ஃப்ரி டேவி காஸ்டிக் சோடாவை உருக்கி, மின்சாரம் பாய்ச்சித்தான் சோடியத்தைத் தனியாகப் பார்த்தார்.

ஒயிட்ஃபீல்ட், குடும்பத் தலைவர்: போர்வெல் தண்ணீர்தான் எங்களுக்கு. சோப்பு நுரைப்பதில்லை, கெய்சர் காயில் அடிக்கடி போகிறது. பெரிய ஆர்.ஓ. போட்டுவிடலாமா மேடம்?

காசை அவசரப்பட்டுச் செலவழிக்காதீர்கள் சார். உங்கள் தண்ணீரில் கால்சியம், மெக்னீசியம் உப்புகள் கரைந்திருக்கின்றன. கால்சியம் பைகார்பனேட்டைச் சூடாக்கினால் கார்பன் டை ஆக்சைடு பிரிந்துபோய், கரையாத கால்சியம் கார்பனேட் படியும். சுண்ணாம்புக்கல், முட்டை ஓடு, சலவைக்கல் எல்லாமே அதுதான்.

போன வருஷம் எங்கள் வீட்டுக் காயிலைப் பிளம்பர் கழற்றிக் காட்டினார். விரல் தடிமனுக்கு வெள்ளையாக, தேங்காய் பர்பி மாதிரி அப்பியிருந்தது. ஒரு துண்டை உடைத்துக் கிண்ணத்தில் போட்டு வினிகர் ஊற்றினேன். உஸ்ஸென்று குமிழி கிளம்பியது, பத்து நிமிஷத்தில் ஓரமெல்லாம் கரைந்து மெலிந்துவிட்டது. இந்தக் கல் சூட்டைச் சுலபமாகக் கடத்தாது. காயிலின் சூடு தண்ணீருக்குப் போகாமல் உள்ளேயே தங்கி, காயில் கருகிப்போகிறது.

ஆர்.ஓ. குடிக்க மட்டும் போதும். அது கழித்துவிடும் தண்ணீரை நினைத்தால், குளிக்கவும் அதையே வைப்பது இந்த ஊரில் பாவம். குளியலறைக்கு சாஃப்ட்னர் வையுங்கள். அதற்குள் இருக்கும் ரெசின் மணிகள் கால்சியத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு பதிலுக்கு சோடியத்தை விடும். மணிகளில் சோடியம் தீர்ந்ததும் உப்புக் கரைசல் விட்டுக் கழுவினால் மறுபடி தயார். ஒன்று, டி.டி.எஸ். (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவு) மீட்டரை முக்கிக் காட்டி சாஃப்ட்னர் விற்க வந்தால் அனுப்பிவிடுங்கள். ஓர் உப்பு போய் இன்னோர் உப்பு வருவதால் டி.டி.எஸ். குறையாது. கேட்க வேண்டியது கடினத்தன்மை, அதாவது கால்சியம், மெக்னீசியம் உப்புகளின் அளவு. இந்தியக் குடிநீர்த் தரப்படி லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை நல்லது, வேறு வழியில்லை என்றால் 600 வரை.

அதே அபார்ட்மென்ட்டிலிருந்து ஒரு பாட்டி: சென்னையில் மூன்று விசிலில் வெந்த பருப்பு இங்கே வேகமாட்டேன் என்கிறதே?

மேலே சொன்ன போர்வெல் தண்ணீரின் வேலைதான் இதுவும், பாட்டி. பருப்பின் செல்களை ஒட்டிவைத்திருக்கும் பெக்டினைக் கால்சியம் இறுக்கிவிடும். ஆர்.ஓ. தண்ணீரில் வைத்துப் பாருங்கள். திறந்த பாத்திரம் என்றால் உயரமும் ஒரு காரணம். பெங்களூர் 900 மீட்டருக்கு மேலே இருப்பதால் தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். சோடா மாவு போட்டால் சீக்கிரம் வேகும், ஆனால் பி1 வைட்டமின் போய்விடும்.

இந்திராநகர், வாடகை வீட்டுத் தம்பி: குளியலறை டைல்ஸில் வெள்ளைக் கறை. ஆசிட் ஊற்றி, மேலே ப்ளீச்சிங் பவுடர் தூவினால் பளிச்சென்று ஆகுமாமே?

வேண்டவே வேண்டாம். அந்த இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும், மேலே சொன்ன அதே போர்முனை வாயு. தெரியாமல் கலந்துவிட்டால் உடனே வெளியே வந்துவிடு, மூச்சு முட்டினால் ஆஸ்பத்திரிக்குப் போ. உன் கறையும் கெய்சர் கல்லும் ஒன்றுதான், வினிகரே போதும். தரை சலவைக்கல் என்றால் வினிகரும் கூடாது, தரையையே தின்றுவிடும்.

பிரேசர் டவுன், புதுமணப் பெண்: மாமியார் ஈயச் சொம்பு தந்தார். ஈயம் விஷம் என்று கணவர் தொடவிடமாட்டேன் என்கிறார்.

இருவரும் சரி, கண்ணம்மா. தமிழில்தான் பெயர் இடறுகிறது. ரசச் சொம்பு வெள்ளீயம். விஷம் காரீயம், முற்றிலும் வேறு தனிமம். பழைய காலத்தில் குழாய்கள் காரீயத்தில் செய்ததால், அதன் லத்தீன் பெயரான பிளம்பத்திலிருந்துதான் பிளம்பர் என்ற சொல்லே வந்தது. ஆனால் கடைகளில் காரீயம் கலந்த சொம்பும் கிடைக்கும், புளி அதைக் கரைத்து ரசத்தில் இறக்கிவிடும். பார்த்தால் வித்தியாசம் தெரியாது. எனவே ஒருமுறை பரிசோதனைக் கூடத்தில் கொடுத்துப் பார்த்துவிடு.

சுத்தமான சொம்பு என்று தெரிந்தால், முதலில் ரசத்தை ஊற்றிவிட்டு அப்புறம் அடுப்பைப் பற்ற வை. வெள்ளீயம் 232 டிகிரியில் உருகும். உள்ளே ரசம் இருக்கும்வரை சூடு நூறைத் தாண்டாது. நான் கல்யாணமான புதிதில் வெறும் சொம்பை அடுப்பில் வைத்துவிட்டுப் பால்காரரிடம் கணக்குப் பேசப் போனேன். திரும்பி வந்தபோது பர்னர்மேல் வெள்ளி மாதிரி ஒரு குட்டை. மாமியார் ஒரு வாரம் பேசவில்லை. உறைந்த அந்தத் துண்டைத்தான் பிறகு ஒவ்வொரு வருஷமும் எட்டாம் வகுப்பில் உருகுநிலை பாடத்துக்குக் கொண்டுபோனேன்.