இரண்டாவது ஆல்பத்தில் தடுமாறாத ஹார்ட் ராக் குழு எது?

என்னைக் கேட்டால் லெட் செப்பலின். 1969 அக்டோபரில் வந்த 'லெட் செப்பலின் II' எனக்கு அவர்களுடைய முதல் ஆல்பத்தைவிட ஒரு படி மேல்.

பல வருடமாகச் சேர்த்து வைத்த சரக்கெல்லாம் ஒரு குழுவின் முதல் ஆல்பத்தோடு தீர்ந்துவிடும். அடுத்ததற்குக் கை காலியாக இருக்கும், கம்பெனியோ அவசரப்படுத்தும். பலர் தடுமாறுவது அதனால்தான். இவர்கள் நிலைமை இன்னும் மோசம். முதல் ஆல்பம் வெளியானது அதே வருடம் ஜனவரியில். அப்புறம் இங்கிலாந்து, அமெரிக்கா என்று ஓயாத கச்சேரிகள். டேப்பைக் கையோடு தூக்கிக்கொண்டு அலைந்தார்கள். லண்டன், லாஸ் ஏஞ்சலஸ், நியூயார்க், வான்கூவர் என்று எந்த ஊரில் கொஞ்சம் நேரம் கிடைத்ததோ அங்கே ஒரு ஸ்டுடியோவில் நுழைந்து பதிவு செய்தார்கள்.

அந்த அவசரம் ஆல்பத்தில் காதுக்கே கேட்கிறது. எனக்கு இது இவ்வளவு பிடிப்பதற்குக் காரணமும் அதுதான். 'ஹார்ட்பிரேக்கர்' பாட்டின் நடுவில் எல்லா வாத்தியமும் சட்டென்று நின்று, ஜிம்மி பேஜின் கிட்டார் மட்டும் தனியாக ஓடும். உற்றுக் கேளுங்கள், அந்த இடத்தில் கிட்டாரின் ஒலியே வேறாக இருக்கும். வேறொரு ஸ்டுடியோவில் பின்னால் வாசித்து நடுவில் ஒட்டியது அது. ஒட்டு தெரிகிறது, ஆனாலும் டிரம்ஸ் திரும்ப வந்து விழும்போது ஒவ்வொரு முறையும் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

இன்னொன்று, 'ஹோல் லாட்டா லவ்'. ஏறக்குறைய நான்காவது நிமிடத்தில் ராபர்ட் பிளாண்ட் துணையில்லாமல் குரலை இழுத்துப் பாடுவார். அவர் வாயைத் திறக்கும் முன்பே அதே வரி எங்கோ தூரத்தில் மெல்லக் கேட்கும். முதன்முதலில் ஹெட்ஃபோனில் கேட்டபோது என்னிடம் இருந்த பிரதியில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்தேன். உண்மையில் முன்பு பதிவு செய்த குரல் ஒன்று டேப்பில் கசிந்துவிட்டது. மறுபடி பாடிப் பதிவு செய்ய வழியில்லை. மிக்ஸிங், அதாவது தனித்தனிப் பதிவுகளை ஒன்றாகக் கலந்து சீராக்கும் வேலையைச் செய்த எடி கிரேமர் அதன்மேல் எதிரொலியைச் சேர்த்துப் பார்த்தார், பேஜுக்குப் பிடித்துப்போனது, அப்படியே விட்டுவிட்டார்கள். இன்று அந்த முன்குரல் இல்லாமல் அந்தப் பாட்டை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

இத்தனை ஊரில் பதிவானது ஒரே ஆல்பமாக ஒலிப்பதற்குப் பாதிப் புண்ணியம் கிரேமருக்குத்தான். நியூயார்க்கில் இரண்டே நாளில் பேஜும் அவரும் மிக்ஸிங்கை முடித்தார்கள். அந்த டிசம்பர் கடைசியில் பீட்டில்ஸின் 'ஆபி ரோடை' இறக்கிவிட்டு அமெரிக்க ஆல்பம் பட்டியலில் இது முதலிடத்துக்கு வந்தது.

ஒரு குறையைச் சொல்லாமல் விட முடியாது. இதில் இருக்கும் புளூஸ், அதாவது அமெரிக்கக் கறுப்பினத்தவரின் பாட்டு மரபு, அவர்கள் சொந்தச் சரக்கு மட்டும் அல்ல. 'ஹோல் லாட்டா லவ்' வரிகளில் பாதி, வில்லி டிக்ஸன் எழுதி 1962ல் மட்டி வாட்டர்ஸ் பாடிய பாட்டிலிருந்து வந்தவை. டிக்ஸன் 1985ல் வழக்குப் போட்ட பிறகுதான் சமரசம் ஆகி அவர் பெயர் சேர்ந்தது. 'தி லெமன் சாங்'கும் புளூஸ் பாடகர் ஹவுலின் உல்ஃபுக்குக் கடன்பட்டது. வாசிப்பு எவ்வளவு அபாரமாக இருந்தாலும் எழுதியவர் பெயரை முதல் நாளே போட்டிருக்க வேண்டும். அது தப்புதான்.

'லிவிங் லவிங் மெய்ட்' எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. 'மோபி டிக்' டிரம்ஸ் தனியாவர்த்தனத்தைப் பலர் தாண்டிப் போவார்கள், நான் மாட்டேன். ஜான் பானம் குச்சியைக் கீழே வைத்துவிட்டு வெறுங்கையால் வாசிக்கும் பகுதி அதில் இருக்கிறது. தோலில் விரல் படுவது தனியாகக் கேட்கும்.

புதிதாகக் கேட்கப் போகிறீர்கள் என்றால் 'ராம்பிள் ஆன்' பாட்டில் தொடங்குங்கள். முதல் முறை பாட்டைக் கேளுங்கள். இரண்டாவது முறை ஜான் பால் ஜோன்ஸின் பேஸ் கிட்டாரை மட்டும் பிடித்துக்கொண்டு போங்கள். அடியில் அவர் தனியாக இன்னொரு பாட்டே பாடிக்கொண்டிருப்பார்.