பழைய கடைவீதியைக் காப்பாற்ற முடியுமா? புதுச்சேரியில் நடந்தது

கேள்வி: "எங்கள் ஊர்க் கடைவீதியில் தாத்தா காலத்து வீடுகளையும் கடைகளையும் ஒவ்வொன்றாக இடித்து காம்ப்ளெக்ஸ் கட்டுகிறார்கள். ஊர்க்காரர்கள் சேர்ந்தால் தடுக்க முடியுமா? எங்காவது நடந்திருக்கிறதா?"

நடந்திருக்கிறது. புதுச்சேரியில், எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில்.

நீங்கள் வேலைக்காக வெளியூரில் இருந்துகொண்டு, பொங்கலுக்கு வரும்போதெல்லாம் இன்னொரு வீடு காணாமல் போயிருப்பதைப் பார்த்து வயிறெரிந்து கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அந்த வீதியில் உங்களுக்குச் சொந்த வீடு இல்லையென்றால், முதலில் சொந்த வீடு இருப்பவர்களோடு பழகுங்கள். இதை ஏன் சொல்கிறேன் என்பதற்குத்தான் மீதிப் பதில்.

புதுச்சேரி என்றதும் எல்லோருக்கும் மஞ்சள் சுவரும் கடற்கரைச் சாலையும்தான் நினைவுக்கு வரும். அது ஊரை இரண்டாகப் பிரிக்கிற பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே. மேற்கே இருப்பது தமிழர் பகுதி. தெருவோரம் மரத்தூண் போட்ட தாழ்வாரம், திண்ணை, உள்ளே முற்றம், மாடிக்குப் போனால் பிரெஞ்சு பாணியில் வளைவு ஜன்னல். கீழே தமிழ் வீடு, மேலே பிரெஞ்சு வீடு என்று ஒரே சுவரில் இரண்டும் இருக்கும். வைசியாள் வீதி அப்படிப்பட்ட தெரு. 1984 முதல் இங்கே இயங்கும் இன்டாக் என்ற பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பு, ஆசிய, ஐரோப்பிய நகரங்கள் சேர்ந்து வேலை செய்ய ஐரோப்பிய ஒன்றியம் நிதி தந்த ஆசியா அர்ப்ஸ் திட்டத்தில் 2002 வாக்கில் அந்தத் தெருவை எடுத்துக்கொண்டது. இத்தாலியின் உர்பினோவும் பிரான்சின் வில்நெவ்-சுர்-லோவும் கூட்டாளி நகரங்கள். ஒரு வீட்டை மட்டும் அழகுபடுத்தாமல், தெருவின் ஒரு பகுதி முழுவதும் வீட்டு முகப்புகளைச் சரிசெய்தார்கள். 2008-ல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரிய விருது கிடைத்தது. இன்று அங்கே ஒரு பழைய தமிழ் வீடு தங்கும் விடுதியாக நடக்கிறது, வெளியூர்க்காரர்கள் தெருவைப் பார்க்கவே வருகிறார்கள்.

இதெல்லாம் இணையத்தில் தேடினாலே கிடைக்கும். கிடைக்காததைச் சொல்கிறேன்.

எங்கள் வீடும் அந்த மாதிரி வீடுதான். தாத்தா காலமானதும் ஐந்து பாகம். ஒரு சித்தப்பா பிரான்சில் இருக்கிறார்; சொல்தா குடும்பம் என்றால் புதுச்சேரிக்காரர்களுக்குப் புரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன், பிரெஞ்சு ராணுவத்தில் சேர்ந்து அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கியவர்கள். ஒரு மழைக்காலத்தில் மாடி அறையில் ஒழுகத் தொடங்கியது. எங்களுடையது கட்டைக்குத்துத் தளம். தேக்கு உத்திரத்தின் மேல் மெல்லிய செங்கல்லைக் குத்துக்கல்லாக நிறுத்தி, மேலே சுண்ணாம்புக் காரை போட்டு, தட்டையான ஓடு பதித்தது. பார்க்க வந்த மேஸ்திரி ஐந்து நிமிடம்கூட நிற்கவில்லை. "இதையெல்லாம் இப்ப யாரு சார் செய்யறா, இடிச்சிட்டு கான்க்ரீட் போட்டுடுங்க" என்றார். அன்று ராத்திரியே சித்தப்பா போனில், "இடிச்சிடலாம்டா, மூணு மாடி போட்டா ஆளுக்கொரு போர்ஷன். பங்குச் சண்டையும் தீரும்" என்றார்.

அவரைத் திட்டி எழுத எனக்கு மனமில்லை. அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. பழைய வீட்டை இடிப்பவர்களுக்கு ரசனை இல்லை, பணத்தாசை என்று பேசுகிறவர்கள் ஒரு பாகப்பிரிவினையில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். முற்றத்தை ஐந்தாக எப்படிப் பிரிப்பது? திண்ணை யாருக்கு? இடித்துவிட்டால் சதுர அடிக் கணக்கில் சுலபமாகத் தீர்ந்துவிடும். என் கண்ணெதிரே போன வீடுகளில் பெரும்பாலானவை இப்படிப் போனவைதான்.

எங்கள் வீடு தப்பியதற்குக் காரணம் அம்மா. எல்லோரையும் வீடியோ காலில் உட்கார வைத்தார். "வீடு பிரியாது, வாடகைதான் பிரியும். முன்கட்டை வாடகைக்கு விடறோம், வர்றதுல முதல்ல கூரைக்கு, மிச்சம்தான் பங்குக்கு" என்றார். சித்தப்பா பவர் பத்திரம் அனுப்பவே நெடுநாள் ஆனது. ஆனால் அனுப்பினார்.

அப்புறம் சுண்ணாம்பு வேலை தெரிந்த ஆளைத் தேடினோம். விழுப்புரம் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் கிடைத்தார். அவர் வந்த முதல் நாள் கொல்லையில் குழி வெட்டிச் சுண்ணாம்பை ஊறப் போட்டார். பெரிய பானையில் கடுக்காயும் வெல்லமும் ஊறியது; வீடு முழுக்கப் புளித்த வாசம். செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து தளத்தில் பரப்பி, அந்தக் கடுக்காய்த் தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, மரக்கட்டையால் நாள் கணக்கில் தட்டினார்கள். தெருவே எட்டிப் பார்த்தது. எதிர்வீட்டுக்காரர் இடிக்க ஆள் பேசி வைத்திருந்தவர். மாடியேறி வந்து பார்த்துவிட்டு அந்தப் பெரியவரின் போன் நம்பரை வாங்கிக்கொண்டு போனார். எந்தக் கருத்தரங்கும் செய்யாத வேலையை அந்தச் சத்தம் செய்தது.

சிமெண்டில் என்ன குறை என்று கேட்பீர்கள். பழைய சுவர் தரையிலிருந்து ஈரத்தை இழுக்கும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும். சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, உப்புப் பூத்து, பூச்சு பாளம் பாளமாக விழும். நல்லெண்ணத்தோடு செய்கிற ரிப்பேரே இப்படிச் சுவரைக் கெடுத்துவிடுகிறது.

இது வசதி உள்ளவர்கள் பேச்சு என்று யாராவது பின்னூட்டம் போடுவார்கள். எங்களுக்கு வசதி இல்லை, வாடகை இருந்தது. வாடகை வராத தெருவில் இருப்பவரிடம் "பாரம்பரியம், இடிக்காதே" என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை, அங்கே அரசாங்கமோ ஊரோ செலவில் பங்கெடுத்தே ஆக வேண்டும். இன்னொரு வாதமும் வரும்: இடித்துவிட்டு அதே மாதிரி கட்டிக்கொள்ளலாமே என்று. கடற்கரையில் இருந்த மேரி கட்டடம் 1870-களின் தொடக்கத்தில் கட்டியது, எங்கள் பழைய நகர மண்டபம். பழுதாகிக் கிடந்து, 2014 நவம்பர் மழையில் சரிந்தே போனது. பழைய தோற்றத்திலேயே திரும்பக் கட்டி 2021-ல் திறந்தார்கள். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் ஓர் அரசுக் கட்டடத்துக்குக் கிடைத்த அந்தப் பணமும் கவனமும் உங்கள் கடைவீதி வளையல் கடைக்குக் கிடைக்குமா?

கட்டடத்தைப் போலவே வியாபாரமும் முக்கியம். கூபேர் மார்க்கெட்டை, நாங்கள் பெரிய மார்க்கெட் என்போம், இடித்துக் கட்டும் திட்டம் வந்தபோது வியாபாரிகள் எதிர்த்துப் போராடினார்கள். வளர்ச்சிக்குத் தடை என்று அவர்களைப் பேசியவர்கள் உண்டு. மீன்காரம்மாவும் பூக்காரரும் ஓரிரு வருடம் வேறு இடத்துக்குப் போனால் வாடிக்கை திரும்பி வராது என்பது அந்த வியாபாரிகளுக்குத் தெரியும். பழைய கட்டடம் நின்று, உள்ளே காபி ஷாப் மட்டும் இருந்தால் அதை நான் கடைவீதி என்று சொல்ல மாட்டேன்.

கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், எனக்கு ஆறவே இல்லை. எங்கள் பகுதி வரலாற்றுக் கண்காட்சி என்று ஒருவர் வந்து, பாட்டியின் கல்யாணப் போட்டோவையும் கொள்ளுத்தாத்தாவின் கடைக் கணக்கு நோட்டையும் வாங்கிக்கொண்டு போனார். திரும்பி வரவில்லை. கேட்டால் "ஆவணப்படுத்திக்கொண்டிருக்கிறோம்" என்றார்கள், பிறகு போனையே எடுக்கவில்லை. பிரெஞ்சுக்காரர்களிடம் துபாஷாக (மொழிபெயர்ப்பாளராக) இருந்த புதுச்சேரி வியாபாரி ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் கால் நூற்றாண்டு நாட்குறிப்பு எழுதியதால்தான், 1748-ல் வேதபுரீஸ்வரர் கோவில் இடிக்கப்பட்டது உட்பட எத்தனையோ விஷயம் நமக்கு விவரமாகத் தெரிகிறது. ஒரு வியாபாரியின் கணக்கு நோட்டுக்கும் அதே மதிப்பு உண்டு என்று பேசுகிறவர்களே அதைத் தொலைத்தால் என்ன சொல்வது? உங்கள் ஊரில் பழைய படம், பத்திரம் சேகரிக்கப் போனால் ஸ்கேனரோடு போங்கள். வீட்டுக்காரர் முன்னாலேயே நகலெடுத்துவிட்டு, அசலை அவர் கையில் கொடுத்துவிட்டு வாருங்கள்.

சரி, உங்கள் கேள்விக்கே வருகிறேன். பதாகை, மனு எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். எந்த வீட்டில் பங்குச் சண்டை நடக்கிறது, யாருக்கு வாடகைக்கு ஆள் தேவை, உங்கள் ஜில்லாவில் சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் யார் என்று ஒரு நோட்டில் எழுதத் தொடங்குங்கள். ஐப்பசி மழைக்கு முன்னால், வீட்டுக்காரர்களின் அனுமதியோடு நாலு பேராக மொட்டை மாடிகளில் ஏறுங்கள். கைப்பிடிச் சுவர் இடுக்கில் அரசங்கன்று முளைத்திருந்தால் வேரோடு எடுத்து, அந்த ஓட்டையைச் சுண்ணாம்பு வைத்து அடையுங்கள். மழைநீர்க் குழாயில் அடைத்திருக்கும் இலையை அள்ளிப் போடுங்கள். இதற்கு யாரிடமும் நிதி கேட்க வேண்டியதில்லை, இந்த வருடமே தொடங்கலாம்.