வேலையை விடுமுன் வீட்டை வாங்குங்கள், தம்பி

தம்பி, உங்கள் கேள்வியை ஆறுதலாக இருந்து வாசித்தேன். கனடா வந்து மூன்று வருடம், பி.ஆர். என்கிற நிரந்தர வதிவுரிமை கையில் இருக்கிறது, பிராம்ப்டனில் ஒரு வெயர்ஹவுஸில் சூப்பர்வைசர் வேலை, மனைவிக்குப் பகுதிநேர வேலை, நான்கு வயதில் ஒரு மகள். பின்னேரங்களில் நண்பர் ஒருவரோடு அலுவலகங்கள் துப்புரவாக்கப் போகிறீர்கள். அந்தத் தொழிலைத் தனியாக எடுத்து நடத்த ஆசை, இந்தக் கோடையோடு வெயர்ஹவுஸ் வேலையை விட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசி வரியில், அடுத்த வருடம் வீடும் வாங்க யோசனை என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். நான் அந்த வரியில்தான் நின்றுவிட்டேன்.

வேலையை விடலாம். நானும் ஸ்காபரோவில் மாதச் சம்பளத்தை விட்டுவிட்டு இதே துப்புரவுத் தொழிலுக்கு வந்தவன்தான், இன்றுவரை குடும்பம் அதில்தான் நடக்கிறது. ஆனால் எதை முதலில் செய்வது, எதைப் பின்னுக்கு வைப்பது என்ற ஒழுங்கு தவறினால் நல்ல தொழிலும் ஆளை முறித்துவிடும்.

வீட்டுக் கதையையே முதலில் எடுப்போம். நிரந்தர வேலையில் இருப்பவர் மோர்கேஜ் என்கிற வீட்டுக்கடன் கேட்டுப் போனால் பே ஸ்டப் என்கிற சம்பளச் சீட்டு, முதலாளியின் கடிதம், வருடச் சம்பளத்தைக் காட்டும் ரி-4 என்று சில தாள்களோடு வருமான விஷயம் முடிந்துவிடும். சொந்தத் தொழில்காரரிடம் பெரும்பாலான வங்கிகள் இரண்டு வருடத்துக்கான வரி மதிப்பீட்டுக் கடிதங்களைக் கேட்கும். கனடாவின் வரித் திணைக்களமான சி.ஆர்.ஏ. வருடா வருடம் அனுப்புகிற அந்தக் கடிதத்தில் இருப்பது, செலவெல்லாம் கழித்த பிறகு மிஞ்சிய வருமானம். வான் செலவு, மெஷின், பெற்றோல், போன் என்று நியாயமாகக் கழிக்க வேண்டியதைக் கழித்தால் அந்த எண் சிறிதாகத்தான் வரும். வரிக்கு அது நல்லது, வங்கிக்கு நல்லதில்லை. இந்தக் கோடையில் வேலையை விட்டால், அடுத்த வருடம் வாங்க நினைத்த வீடு இரண்டு மூன்று வருடம் தள்ளிப் போகும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே வீடு உண்மையான திட்டம் என்றால் அதை முதலில் முடியுங்கள். வங்கி சம்மதம் சொன்னது போதாது, சாவி கைக்கு வரும்வரை வேலையில் இருங்கள். வீடு உங்கள் பெயருக்கு மாறுகிற குளோசிங் நாளுக்கு முன்னர் வேலைத்தலத்துக்கு அழைத்து, இவர் இன்னும் இங்கே வேலை செய்கிறாரா என்று வங்கி விசாரிப்பதுண்டு. மாதத் தவணையை இன்றைய சம்பளத்தை வைத்துக் கணக்குப் பார்க்காதீர்கள். தொழிலில் மெலிந்த மாதம் ஒன்றை நினைத்துப் பாருங்கள், அந்த மாதத்திலும் கட்டக்கூடிய வீட்டை வாங்குங்கள். அது சின்ன வீடாக இருந்தால் இருக்கட்டும். தேவையானபோது எடுத்துத் திருப்பிக் கட்டக்கூடிய கடன் வசதியான லைன் ஒவ் கிரெடிட்டும் இப்போதே, சம்பளம் வந்துகொண்டிருக்கும்போதே கேட்டு எடுத்து வையுங்கள். காசு தேவைப்படுகிற நேரத்தில் போய்க் கேட்டால் கிடைக்காது. வீடு சும்மா ஒரு ஆசைதான், இன்னும் ஐந்து வருடம் வாடகைக்கு இருக்கலாம் என்றால் சரி, தொழிலை முதலில் வையுங்கள். மனைவியோடு இருந்து கதைத்து இரண்டில் ஒன்றைத் தீர்மானியுங்கள்.

அடுத்தது, சம்பளத்தோடு சேர்ந்து போகிற விஷயங்கள். வேலையை நீங்களாக விட்டால், சட்டம் ஏற்கிற காரணம் இல்லாதவரை ஈ.ஐ. என்கிற வேலையிழப்புக் காப்புறுதியின் உதவிப்பணம் கிடையாது. தொழில் சரிவரவில்லை, ஈ.ஐ. எடுப்போம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். சொந்தத் தொழில்காரர்கள் விரும்பினால் ஈ.ஐ.யில் பதியலாம், ஆனால் அது பிள்ளைப்பேறு, நோய், பராமரிப்பு போன்றவற்றுக்குத்தான். பதிந்து 12 மாதம் காத்திருக்கவும் வேண்டும்.

பிறகு சி.பி.பி. என்கிற அரச ஓய்வூதியம். இப்போது உங்கள் சம்பளத்தில் 5.95 சதவீதம் பிடிக்கிறார்கள், அதே அளவை முதலாளியும் போடுகிறார். தனியாக வந்தால் இரண்டு பங்கும் உங்களுடையது, 11.9 சதவீதம். செலவு போக வருடம் 50,000 டொலர் மிஞ்சினால், விலக்கான முதல் 3,500 டொலரைக் கழித்த பிறகு ஏறத்தாழ 5,530 டொலர் சி.பி.பி.க்கே போகும். வருமானவரி அதற்கு மேலே. இதையெல்லாம் முன்கூட்டிப் பிடித்துவைக்க யாரும் இல்லை, நீங்கள்தான் ஒதுக்கி வைக்க வேண்டும். வரிப் படிவம் கொடுக்க ஜூன் 15 வரை உங்களுக்கு நேரம் உண்டு, ஆனால் கட்ட வேண்டிய காசுக்குக் கடைசி நாள் ஏப்ரல் 30. இந்த இரண்டு திகதிகளையும் குழப்பிக்கொண்டு வட்டி கட்டியவர்கள் எனக்குத் தெரிந்தே பலர்.

நீங்கள் பின்னேரத்தில் செய்வது நல்ல ஆரம்பம். அதை நண்பரின் பெயரில் செய்யாமல் இப்போதே உங்கள் பெயரில் தொடங்குங்கள். ஒன்ராறியோவில் தனிநபர் தொழிலுக்கு ஒரு பெயரைப் பதிய 60 டொலர், ஐந்து வருடத்துக்குச் செல்லும். எடுத்தவுடனே கொம்பனியாக இன்கோர்ப்பரேட் பண்ணச் சொல்லி ஆட்கள் வருவார்கள். அவசரப்பட வேண்டாம். தனிநபர் தொழிலில் முதல் வருடம் நட்டம் வந்தால் அதை உங்கள் வெயர்ஹவுஸ் சம்பளத்தில் கழித்து வரியைக் குறைக்கலாம். கொம்பனியின் நட்டம் கொம்பனிக்குள்ளேயே கிடக்கும். இப்போதைய முதலாளியோடு போட்ட ஒப்பந்தத்தையும் ஒருமுறை எடுத்து வாசியுங்கள். வேறு வேலை செய்வதைப் பற்றி அதில் ஏதும் இருக்கலாம்.

இனித் தொழில். துப்புரவுக்கு இங்கே பெரிய லைசென்ஸ் எதுவும் தேவையில்லை, அதனாலேயே எல்லோரும் இதற்குள் வருகிறார்கள். காசு தங்குவதும் போவதும் முதல்நாள் இடத்தைச் சுற்றிப் பார்க்கும்போதே தீர்ந்துவிடுகிறது. ஒரு பல் வைத்தியசாலையை எடுத்துக்கொள்ளுங்கள். பின்னேரம் மூடும் நேரத்தில் மனேஜர் உங்களைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவார். பரப்பளவை மட்டும் கேட்டுவிட்டு விலை சொல்லாதீர்கள். எத்தனை வோஷ்றூம், எத்தனை சிங்க், தரை கார்பெற்றா ஓடா, குப்பையை எங்கே கொண்டுபோய்ப் போடுவது, கட்டடத்தின் பின்கதவு இரவில் திறக்குமா என்று ஒவ்வொன்றாகப் பார்த்து எழுதுங்கள். ரொயிலற் பேப்பரும் சவர்க்காரமும் யார் வாங்குவது என்று கட்டாயம் கேளுங்கள். அது உங்கள் தலையில் விழுந்தால் மாத லாபத்தில் ஒரு நல்ல பங்கு அதிலேயே போய்விடும். பனிக்காலம் இன்னொன்று. வெளியே போடுகிற உப்பு சப்பாத்துகளோடு உள்ளே வந்து வாசல் தரையெல்லாம் வெள்ளையாகக் காய்ந்து கிடக்கும், ஒருமுறை துடைத்தால் போகாது. கோடையில் பார்த்து விலை சொன்னவருக்கு ஜனவரியில்தான் இது விளங்கும். நான் நவம்பர் முதல் ஏப்ரல் வரை மொப் பண்ணும் நேரத்தைத் தனியாகவே எழுதி ஒப்பந்தத்தில் போடுகிறேன்.

அந்த மனேஜர் விலையோடு இன்னும் இரண்டு தாள்கள் கேட்பார். ஒன்று, உங்கள் வேலையால் மற்றவருக்கு வரும் சேதத்துக்கான லயபிலிற்றி காப்புறுதிச் சான்று, பல இடங்களில் 2 மில்லியன் டொலருக்குக் கேட்கிறார்கள். மற்றது, வேலைத்தல விபத்துக் காப்புறுதியை நடத்துகிற ஒன்ராறியோச் சபையான டபிள்யூ.எஸ்.ஐ.பி.யின் கிளியரன்ஸ் சான்று. ஒருவரை வேலைக்கு எடுத்தால் பத்து நாட்களுக்குள் அங்கே பதிய வேண்டும். ஊர்ப் பெடியன்தானே, கையில் காசாகக் கொடுப்போம் என்று நினைக்காதீர்கள். ஏணியிலிருந்து விழுந்து அவனுக்குக் கை முறிந்தால் அவனையும் பார்க்க ஆள் இல்லை, உங்களையும் காப்பாற்ற ஆள் இல்லை.

நான்கு காலாண்டுகளில் நீங்கள் போடுகிற பில்கள் சேர்த்து 30,000 டொலருக்கு மேல் போனால் எச்.எஸ்.ரி. என்கிற விற்பனை வரிக்குப் பதிந்தே ஆக வேண்டும். அதற்கு முன்னரே பதிவது உங்களுக்கு நல்லது என்பது என் அபிப்பிராயம். நீங்கள் போடுகிற 13 சதவீதத்தை உங்கள் வாடிக்கையாளர்களான நிறுவனங்கள் பெரும்பாலும் திரும்ப எடுத்துக்கொள்ளும், அதனால் முகம் சுளிக்க மாட்டார்கள். நீங்களும் வான், மெஷின் வாங்கும்போது கட்டிய வரியைத் திரும்பப் பெறலாம். ஆனால் 1,000 டொலர் பில்லுக்கு வருகிற 130 டொலர் உங்கள் காசு கிடையாது. வந்த அன்றே வேறு கணக்குக்கு மாற்றிவிடுங்கள். வீட்டு வாடகை கட்ட இதில் எடுப்போம், பிறகு திருப்பிப் போடுவோம் என்று தொட்ட பலர் சி.ஆர்.ஏ. கடிதம் வந்த பிறகு தொழிலையே மூடியிருக்கிறார்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் புதிதாக வந்தவர்களைத்தான் இதற்குத் தேடுகிறார்கள். காசைக் கட்டுங்கள், கொன்ராக்ட் எல்லாம் நாங்கள் பிடித்துத் தருகிறோம் என்று துப்புரவு பிரான்சைஸ், அதாவது தங்கள் கொம்பனிப் பெயரில் தொழில் நடத்தும் உரிமை, விற்பவர்கள் வருவார்கள். ஒன்ராறியோவின் ஆர்தர் விஷார்ட் சட்டப்படி, கையெழுத்து வாங்குவதற்கோ காசு வாங்குவதற்கோ குறைந்தது 14 நாட்களுக்கு முன்னர் முழு விபர ஆவணத்தை உங்கள் கையில் தர வேண்டும். இன்றைக்கே கட்டினால் விலைக்கழிவு என்று சொல்பவரிடம் அந்த ஆவணத்தைக் கேளுங்கள். தந்தால் ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள், தராவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

உங்களைப்போலக் கேள்வியோடு இருக்கும் வேறு சிலருக்காக ஒரு வார்த்தை. உங்களிடம் பி.ஆர். இருப்பதால் இந்தக் கதை கதைக்கிறோம். ஒரு முதலாளியின் பெயர் எழுதிய வேர்க் பேர்மிற், அதாவது வேலை அனுமதியில் இருப்பவர் சொந்தத் தொழில் செய்ய முடியாது. முதலாளி பெயர் இல்லாத ஓப்பன் பேர்மிற்றில் இருப்பவர் செய்யலாம், ஆனால் கனடாவில் வேலை செய்த அனுபவத்தை வைத்து விண்ணப்பிக்கிற கனேடியன் எக்ஸ்பீரியன்ஸ் கிளாஸில் பி.ஆர். கேட்கும்போது பொதுவாகச் சொந்தத் தொழில் அனுபவம் கணக்கில் வராது. அப்படி யாராவது இருந்தால் பி.ஆர். வரும்வரை சம்பள வேலையை விடவே வேண்டாம்.

சரி, எப்போது விடுவது? பின்னேர ஒப்பந்தங்களின் வருமானம் உங்கள் சம்பளத்தைத் தாண்டட்டும் என்று காத்திருந்தால் அது நடக்காது, ஒரு மனிதனுக்கு அவ்வளவு நேரம் இல்லை. என் கணக்கு வேறு. வீட்டுச் செலவில் பாதியையாவது தருகிற ஒப்பந்தங்கள் எழுத்தில் இருக்க வேண்டும், அவை ஒரே வாடிக்கையாளரிடமிருந்து வரக்கூடாது, ஆறு மாதச் செலவு வங்கியில் இருக்க வேண்டும். ஆறு மாதம் என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பில் போட்டு முப்பது நாளில் காசு என்று எழுதியிருப்பார்கள், எனக்கு ஒரு கட்டட நிர்வாகம் மூன்று மாதம் இழுத்துத்தான் தந்தது. அந்த மூன்று மாதமும் என்னோடு வேலை செய்தவர்களுக்கு இரண்டு கிழமைக்கு ஒருமுறை சம்பளம் போய்க்கொண்டுதான் இருந்தது.

வேலையை விடும் கடிதம் கொடுக்க முடிவெடுத்த பிறகும் ஒரு மாதம் பொறுங்கள். வேலையோடு வருகிற பெனிபிற்ஸ், அதாவது மருந்து, பல், கண் செலவுக்கான காப்புறுதி, வேலையை விட்டால் நின்றுவிடும், வளர்ந்தவர்களின் மருந்துக்கும் பல்லுக்கும் கண்ணாடிக்கும் ஒன்ராறியோ அரசின் மருத்துவக் காப்புறுதியான ஓஹிப் பெரும்பாலும் கைகொடுக்காது. மூன்று பேருடைய பல், கண் வேலைகளையும் அந்த மாதத்திலேயே முடியுங்கள். மனைவியின் வேலைத்தலத்தில் மணித்தியாலம் கூட்டினால் பெனிபிற்ஸ் கிடைக்குமா என்று அவரைக் கேட்கச் சொல்லுங்கள். கிடைக்கும் என்றால் நீங்கள் வேலையை விடும் திகதியை அதற்கேற்ப வையுங்கள்.