டிசம்பரில் கவாய்த் தீவு: ஒரே நாளில் நடை, சர்ஃபிங், கயாக் மூன்றும் முடியுமா?

கேள்வி: கலிஃபோர்னியாவில் வேலை பார்க்கிறோம். டிசம்பர் கடைசி வாரம் நான், மனைவி, 13 வயது மகன் மூவரும் ஹவாயின் கவாய்த் தீவுக்குப் போகிறோம். ஒரு நாளை முழுக்க ஓடியாடிக் கழிக்க ஆசை. காலையில் வடகரைக் கலலாவ் பாதையில் நடை, மதியம் ஹனலேய் விரிகுடாவில் சர்ஃபிங், சாயங்காலம் வைலுவா ஆற்றில் கயாக் என்று திட்டம். மனைவிக்கு நீச்சல் தெரியாது. இது சரிவருமா?

பதில்: மூன்றையும் ஒரே நாளில் செய்யலாம். ஆனால் நீங்கள் சொல்லும் இடங்களிலும் வரிசையிலும் வேண்டாம்.

இதையே ஜூலைக்குக் கேட்டிருந்தால் பெரும்பாலும் சம்மதித்திருப்பேன். டிசம்பரில் வட பசிபிக்கில் புயல் மாற்றிப் புயல் கிளம்பும். அவை எழுப்பும் அலைகள் நேராக வந்து மோதுவது கவாயின் வடகரையில்தான். அந்த மாதத்தில் ஹனலேயில் அலை பெருத்த நாட்களில் கடலுக்குள் இருப்பவர்கள் கைதேர்ந்தவர்கள். கற்றுக்கொள்ள வந்தவர்களுக்கு அங்கே வேலையில்லை. இன்னொன்று: ஹவாய்க்காரர்கள் அலையை அதன் முதுகுப் பக்கமிருந்து அளக்கும் பழக்கம் உள்ளவர்கள். "இன்றைக்கு நாலடிதான்" என்று ஒருவர் சொன்னால், உங்கள் முகத்துக்கு நேரே எழுவது கிட்டத்தட்ட எட்டடி.

கலலாவ் பாதையில் ஹனகாபியாய் கடற்கரை வரை போய்த் திரும்ப நாலு மைல். அழகான பாதை, மறுக்கவில்லை. ஆனால் பாதை தொடங்கும் ஹாஏனா பூங்காவுக்குள் நுழைய வெளியூர்க்காரர்களுக்கு முன்பதிவு கட்டாயம். விடுமுறை வாரத்தில் சட்டென்று தீர்ந்துவிடும். மழை பெய்தால் பாதை சேறாகி வழுக்கும், வழியில் உள்ள ஓடையும் பொங்கும். 2018 ஏப்ரலில் அந்தப் பக்கத்து வைபாவில் 24 மணி நேரத்தில் 126 சென்டிமீட்டர் மழை கொட்டியது. பூங்கா மறுபடி திறக்க ஓராண்டுக்கு மேலானது. அதற்கென்று தனியாக ஒரு நாள் ஒதுக்க முடிந்தால் போங்கள். மற்ற இரண்டோடு சேர்க்காதீர்கள்.

அப்புறம் என்ன செய்யலாம்? காலையில் கிழக்கே வைலுவா ஆறு, மதியத்துக்கு மேல் தெற்கே போய்ப்பூ கடற்கரையில் சர்ஃபிங். வைலுவாவில் கயாக்கும் நடையும் ஒன்றாகவே முடிந்துவிடும். ஆற்றில் சுமார் இரண்டு மைல் துடுப்புப் போட்டு, கரையேறி, காட்டுக்குள் ஒரு மைல் நடந்தால் உலுவேஹி அருவி. 'ரகசிய அருவி' என்பார்கள். அங்கே கூடும் கூட்டத்தைப் பார்த்தால் ரகசியம் எதுவும் மிச்சமில்லை. போய்வர நாலைந்து மணி நேரம் ஆகும்.

காலை ஏழரைக்குள் ஆற்றில் இறங்கிவிடுங்கள். காரணம் காற்று. கவாயில் வழக்கமாக வடகிழக்கிலிருந்து காற்று வீசும். காலையில் மெதுவாக இருந்து, வெயில் ஏற ஏற வலுக்கும். ஆற்றின் வாய் கிழக்கே பார்த்திருப்பதால், உள்ளே போகும்போது காற்று முதுகில், திரும்பும்போது முகத்தில். தாமதமாகக் கிளம்புகிறவர்கள், கை ஓய்ந்துபோன நேரத்தில் எதிர்காற்றில் தள்ளாடுவார்கள். சாயங்காலக் கயாக் வேண்டாம் என்றது இதனால்தான்.

இரட்டை இருக்கைக் கயாக்கில் பலசாலி பின்னால் உட்கார வேண்டும். படகைத் திருப்புவது அவர் வேலை. முன்னால் இருப்பவர் போடும் தாளத்துக்கே பின்னவரும் துடுப்புப் போட்டால் துடுப்புகள் மோதிக்கொள்ளாது. தோளால் இழுக்காமல் இடுப்பைத் திருப்பித் துழாவுங்கள், மறுநாள் கை வலி குறையும். உங்கள் மனைவி லைஃப் ஜாக்கெட்டை வாரை இறுக்கி மாட்டிக்கொண்டு தாராளமாக வரலாம். ஆனால் வழிகாட்டியோடு போகும் பயணமாகப் பதிவு செய்யுங்கள். அவை ஞாயிற்றுக்கிழமைகளில் கிடையாது.

இந்த ஆற்று வெள்ளத்தின் தாய்வீடு வையாலேயாலே மலைப் பக்கம். அங்கே ஆண்டுக்கு 900 சென்டிமீட்டருக்கு மேல் மழை. சென்னையில் பெய்வதைப்போல ஆறு மடங்குக்கு மேல். கடற்கரையில் வெயில் காய்கிறதே என்று நம்ப முடியாது, மேலே பெய்தால் கீழே ஓடை ஏறும். அருவிக்குப் போகும் வழியில் ஓடையைக் கடக்க வேண்டியிருக்கும். தண்ணீர் கலங்கி, சருகும் குச்சியும் அடித்துக்கொண்டு வந்தால் அங்கேயே திரும்பிவிடுங்கள். அருவிக்கு நேர் கீழே நிற்பதும் வேண்டாம், மேலிருந்து கல் விழும்.

மழையால் ஆறு கைவிட்டால், போய்ப்பூ அருகே மஹாஉலேபூ கடலோரப் பாதையில் நடக்கலாம். மணல் மேடுகள் காலப்போக்கில் கல்லாக இறுகிய செங்குத்துப் பாறைகள் அங்கே உண்டு. தெற்குப் பக்கம் பொதுவாக மழை குறைவு.

வைலுவாவிலிருந்து போய்ப்பூ காரில் முக்கால் மணி நேரம், நெரிசல் இருந்தால் கூடும். சாப்பிட்டு ஒரு மணி நேரம் படுத்து எழுந்து, பிற்பகல் இரண்டரை மணிக்குத் தொடங்கும் சர்ஃபிங் வகுப்புக்குப் போனால் போதும். அந்த மாதத்தில் சூரியன் மறைய ஆறு மணி ஆகிவிடும். குளிர்காலத்தில் தென்கரை அலை பொதுவாகச் சிறியது. காற்றும் நிலத்தின் பக்கமிருந்து வருவதால் அலையின் முகம் கலங்காது. அதே காற்று பலகையோடு உங்களையும் வெளியே தள்ளப் பார்க்கும். அடிக்கடி கரையைத் திரும்பிப் பாருங்கள்.

புதியவர்களுக்கு ஒன்பதடி நீளமுள்ள, நுரை போர்த்திய மென்பலகைதான் சரி. படுக்கும்போது பலகையின் மூக்கு தண்ணீருக்கு மேல் இரண்டு விரல் உயர்ந்திருக்க வேண்டும். மூழ்கினால் கொஞ்சம் பின்னால் நகருங்கள். வால் அமிழ்ந்தால் முன்னால். எழும்போது பார்வை கரையில் இருக்கட்டும், காலைப் பார்த்தால் விழுவீர்கள். விழுந்தால் தட்டையாக விழுந்து, கையால் தலையை மூடிக்கொண்டு மேலே வாருங்கள். கீழே பவளப்பாறை, தலைகுப்புறப் பாயவே கூடாது. நீச்சல் தெரியாதவருக்குச் சர்ஃபிங் வேண்டாம். போய்ப்பூவில் உயிர்காப்பாளர் உள்ள பூங்காக் கடற்கரையின் ஆழமில்லாத குளத்தில் அவர் காலாறலாம்.

வெயிலுக்கு முழுக்கைச் சட்டையே மேல். சன்ஸ்கிரீன் வேண்டுமென்றால் துத்தநாகம் கலந்தது வாங்குங்கள். ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்ஸேட் கலந்தவற்றின் விற்பனையை 2021 ஜனவரி முதல் ஹவாய் தடை செய்திருக்கிறது.

வைலுவா ஆற்றுக்கு அருகிலேயே கவாய் ஆதீனத்தின் இறைவன் கோயில் இருக்கிறது. கணபதி ஸ்தபதி வடிவமைத்த கருங்கல் கோயில், 2023 மார்ச்சில் கும்பாபிஷேகம் நடந்தது. வழியில்தானே என்று ஈரக்காலோடு நுழையப் பார்க்காமல், வருகை நேரம் பார்த்துக்கொண்டு இன்னொரு நாள் காலையில் போங்கள்.

கடைசியாக ஒன்று. ஹவாயின் ஆறு, ஓடைகளில் எலிக்காய்ச்சல் கிருமி உண்டு. காலில் வெட்டுக்காயம் இருந்தால் இறங்காதீர்கள், தண்ணீரை வாயில் எடுக்காதீர்கள். ஊர் திரும்பி ஒரு மாதத்துக்குள் யாருக்காவது காய்ச்சலும் தசைவலியும் வந்தால், கவாயில் ஆற்றில் இறங்கியதை மருத்துவரிடம் நீங்களாகவே சொல்லிவிடுங்கள்.