உத்திரத்தின் விரிசலை அதிர்வு காட்டிக்கொடுக்குமா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: மண்பானையைத் தட்டிப் பார்த்து விரிசலை அறிவதுபோல, பாலத்தின் உத்திரத்தையும் அறிய முடியுமா?

பதில்: முடியும், ஆனால் பானை அளவுக்கு எளிதன்று. விரிசல் விழுந்த இடம் சற்று எளிதாக வளைவதால் உத்திரத்தின் விறைப்பும் (வளைய மறுக்கும் தன்மை), அதனுடன் இயல்பதிர்வெண்ணும் (தட்டிவிட்டால் தானாக நொடிக்கு எத்தனை முறை அதிரும் என்பது) குறைகின்றன. அதிர்வெண் விறைப்பின் வர்க்கமூலத்தைச் சார்ந்தது என்பதால், மொத்த விறைப்பு 2 விழுக்காடு குறைந்தால் அதிர்வெண் ஏறத்தாழ 1 விழுக்காடே குறையும். அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில், இடிக்கப்படவிருந்த ரியோ கிராண்டே ஆற்றுப் பாலம் ஒன்றின் எஃகு உத்திரத்தை 1993-இல் நான்கு கட்டங்களாக வேண்டுமென்றே வெட்டி அளந்தார்கள். தொடக்க வெட்டுகளில் அதிர்வெண் குறிப்பிடும்படி குறையவில்லை. உத்திரத்தின் அடியிலுள்ள அகன்ற தகடான கீழ்ப்பட்டை முழுவதும் அறுபட்ட பிறகே வீழ்ச்சி தெளிவாகத் தெரிந்தது.

கேள்வி: அதிர்வெண் குறைந்ததை வைத்து, விரிசல் எங்கே இருக்கிறது என்று சொல்லலாமா?

பதில்: ஒரே அதிர்வெண்ணை வைத்துச் சொல்ல இயலாது. உத்திரம் பல பாங்குகளில், அதாவது தனித்தனி அதிர்வெண் கொண்ட பல வளைவு வடிவங்களில், அதிர்கிறது. ஒவ்வொரு பாங்கிலும் மிகுதியாக வளையும் இடங்கள் வேறு. இருமுனைகளிலும் சாதாரணமாகத் தாங்கப்பட்ட உத்திரத்தின் நட்டநடுவில் விரிசல் இருந்தால் முதல் பாங்கின் அதிர்வெண் குறையும். இரண்டாம் பாங்கிலோ நடுப்புள்ளி வளைவதே இல்லையாதலால் அது ஏறக்குறைய மாறாது. இந்த வேறுபாடுகளை ஒப்பிட்டே இடத்தைக் கணிக்கிறோம். எனினும் இடப்புறக் கால்பகுதியில் உள்ள விரிசலும் வலப்புறக் கால்பகுதியில் உள்ள அதே அளவு விரிசலும் ஒரே அதிர்வெண்களைத் தரும் என்பதால், பல இடங்களில் முடுக்கமானிகளை (அதிர்வை அளக்கும் உணரிகளை) பொருத்திப் பாங்கின் வடிவத்தையும் அளக்க வேண்டியிருக்கிறது. அவ்வடிவத்தை வேவ்லெட் என்னும் கணித முறையில் சிறு அலைத்துண்டுகளாகப் பகுத்தால், கண்ணுக்குப் புலப்படாத சிறு மடிப்புகூடக் கூர்முனையாக எழும். அளவீட்டு இரைச்சலும் அப்படியே எழும். கணினி மாதிரிகளிலிருந்து வரும் அழகிய படங்களைக் கண்டு மயங்கிவிட வேண்டாம் என்பதே என் கருத்து.

கேள்வி: எங்கள் கருவியில் அதிர்வெண் ஒரே நாளில் ஏறி இறங்குகிறதே?

பதில்: முதலில் வெப்பநிலையைச் சந்தேகியுங்கள். சுவிட்சர்லாந்தின் இசட்24 பாலத்தை இடிப்பதற்கு முன் பல மாதங்கள் கண்காணித்தபோது, உறைநிலைக்குக் கீழான குளிரில் தார்ப்பரப்பு இறுகியதால் அதிர்வெண்கள் உயர்ந்தன.

கேள்வி: சில மில்லிமீட்டர் விரிசலைக் கண்டறிய வழி என்ன?

பதில்: பாலம் முழுவதும் அதிரும்போது வளைவலையின் நீளம் பல மீட்டர், சிறு விரிசல் அதற்குப் பொருட்டே இல்லை. எஃகில் ஒலியின் நெட்டலை நொடிக்கு ஏறத்தாழ 5,900 மீட்டர் செல்லும். ஆகவே 2 மெகாஹெர்ட்ஸ் மீயொலியின் (காதுக்குக் கேட்காத உயர் அதிர்வெண் ஒலி) அலைநீளம் 3 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. அத்தகைய அலைதான் சிறு விரிசலில் மோதி எதிரொலிக்கும். ஆனால் அந்த அலையை அனுப்பிப் பெறும் ஆய்வுமுனையை வைக்க இடம் வேண்டும். 1967-இல் 46 பேரைப் பலிகொண்ட அமெரிக்காவின் சில்வர் பாலத்தில் முறிந்தது உத்திரம் அன்று, இழுவிசை தாங்கிய ஒரு கண்கம்பி (முனையில் இணைப்புத் துளை உள்ள எஃகுப் பட்டை). அதன் ஏறத்தாழ 2.5 மில்லிமீட்டர் ஆழ விரிசல், இணைப்பைக் கழற்றாமல் எட்ட முடியாத துளையின் உட்புறத்தில் இருந்தது.