‘டிக் டிக்’ சத்தமிடும் ஹார்டு டிஸ்க்: கடைக்குப் போகும் முன்

கேள்வி: நான் விக்கிரமசிங்கபுரத்தில் வசிக்கிறேன், மில் வேலையிலிருந்து ஓய்வுபெற்றவன். 2 வருடம் 8 மாதங்களுக்கு முன் திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் ஒரு கடையில் 2 டிபி எக்ஸ்டெர்னல் ஹார்டு டிஸ்க் வாங்கினேன். 3 வருட வாரண்டி உண்டு. மகள் திருமண வீடியோ, காலமான என் மனைவியின் போட்டோக்கள், நிலப் பத்திரங்களின் ஸ்கேன் என்று ஏறத்தாழ 900 ஜிபி அதில் இருக்கின்றன. ஒரு மாதமாக அவ்வப்போது ‘டிக் டிக்’ என்று சத்தம் வருகிறது. ஒரு ஃபோல்டர் திறக்க ஐந்து நிமிடம் ஆகிறது. கடைக்காரர், “டிஸ்க்கைக் கொடுங்கள், மாற்றித் தருகிறோம், உள்ளே இருப்பதற்கு நாங்கள் பொறுப்பல்ல” என்கிறார். மருமகன் செக் டிஸ்க் ஓட்டச் சொல்கிறார். பக்கத்து வீட்டுப் பையன் ஃப்ரீசரில் வைக்கச் சொல்கிறான். நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: ஐயா, இந்த வரியைப் படித்ததும் டிஸ்க்கின் கேபிளைக் கழற்றி வையுங்கள். புதிய டிஸ்க் ஒன்று கைக்கு வரும்வரை அதற்கு மின்சாரம் கொடுக்காதீர்கள். வாரண்டிக்கு இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. ஆனால் டிஸ்க்குக்கு நான்கு மணி நேரம் இருக்கிறதா என்று யாராலும் சொல்ல முடியாது.

உள்ளே நடப்பது இதுதான். உங்களுடையதைப் போன்ற சிறிய டிஸ்க்குகளில் பெரும்பாலானவற்றில், தரவு பதிந்திருக்கும் தட்டு நிமிடத்துக்கு 5,400 சுற்று சுற்றுகிறது. அதன்மேல் சில நானோமீட்டர் இடைவெளியில், தட்டைத் தொடாமல், ஹெட் எனும் படிக்கும் முனை மிதந்து செல்கிறது. படிக்க வேண்டிய இடத்தைப் படிக்க முடியாமல் ஹெட் பின்வாங்கி, மறுபடி முயன்று, மறுபடி பின்வாங்கும் ஓசையே பெரும்பாலும் நீங்கள் கேட்கும் ‘டிக் டிக்’. ஒவ்வொரு முயற்சியிலும் ஹெட் தட்டில் உரசிக் கீறல் விழும் அபாயம் உண்டு.

ஆகவே மருமகனின் யோசனை வேண்டாம். செக் டிஸ்க் என்பது ஃபைல் அமைப்பைச் சரிசெய்யும் கருவி. சாகப்போகும் டிஸ்க்கில் அது முழுத் தட்டையும் படிக்கவைத்து, அதிலேயே மாற்றி எழுதவும் கூடும். பல வருடங்களுக்கு முன் பாளையங்கோட்டை வீட்டில் நானே அதை இரவு முழுவதும் ஓடவிட்டேன். காலையில் என் ஃபோல்டர்கள் இருந்த இடத்தில் ‘ஃபவுண்டு.000’ என்ற ஒரே ஃபோல்டரும், அதனுள் பெயரிழந்து வெறும் எண்களாகிப்போன ஃபைல்களும் இருந்தன. எது கல்யாண போட்டோ, எது கரண்ட் பில் என்று பிரித்தெடுக்க இரண்டு மாதம் ஆயிற்று.

ஃப்ரீசர் அதைவிட மோசம். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த சொம்பின்மேல் முத்து முத்தாக நீர் கட்டுகிறதல்லவா? அதே ஈரம் தட்டின்மேலும் படியும். ஆனி ஆடிச் சாரல் காற்றடிக்கும் உங்கள் ஊரில் அது இன்னும் விரைவாக நடக்கும். (2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தில் நனைந்த டிஸ்க்கை வெயிலில் காயவைத்து மறுநாளே மின்சாரம் கொடுத்துப் பார்த்தவர்களையும் நான் அறிவேன். அதையும் யாரும் செய்ய வேண்டாம்.)

புதிய டிஸ்க்கை இப்போதே உங்கள் காசில் வாங்குங்கள். வாரண்டியில் வரப்போவதற்காகக் காத்திருக்க வேண்டாம், ஏனெனில் அதைப் பெற இதைக் கொடுத்தாக வேண்டும். 4 டிபி வாங்கச் சொல்வேன். இரண்டு டிஸ்க்கிலும் 2 டிபி என்று அச்சிட்டிருந்தாலும் ஒன்றில் சில செக்டர்கள் (தரவு பதியும் சிறு கட்டங்கள்) குறைவாக இருக்கலாம். அப்படியானால் பழைய டிஸ்க்கை அப்படியே முழுதாக எடுக்கும் நகல் (அதைப் பின்னால் சொல்கிறேன்) அதில் அமராது. விண்டோஸில் 2 டிபி என்பது 1.81 என்று காட்டினால் ஏமாந்துவிட்டதாக நினைக்க வேண்டாம், அது கணக்கிடும் முறையில் உள்ள வேறுபாடு மட்டுமே. ஆனால் ஆன்லைனில் நம்ப முடியாத மலிவு விலைக்கு 16 டிபி என்று விற்கப்படுபவை உண்மையான ஏமாற்று: சிறிய மெமரி கார்டை உள்ளே வைத்து, கொள்ளளவைப் பொய்யாகக் காட்டும்படி செய்திருப்பார்கள்.

இனி மாற்றும் வேலை. பேட்டரி நல்ல நிலையில் உள்ள லேப்டாப்பில் செய்யுங்கள், கரண்ட் போனாலும் பாதியில் நிற்காது. யூஎஸ்பி 3 போர்ட்டில், நல்ல நிலையில் உள்ள டிஸ்க் நொடிக்கு 100 எம்பி கொடுத்தால் 900 ஜிபி இரண்டரை மணி நேரத்தில் முடியும். உங்களுடையது நாள்கணக்கில் இழுக்கலாம். முழு டிஸ்க்கையும் இழுத்துப் போட்டு காப்பி செய்யத் தொடங்காதீர்கள். பத்திர ஸ்கேன்களை முதலில் எடுங்கள், அவை சில ஜிபிக்கு மேல் இரா. அடுத்து உங்கள் துணைவியாரின் போட்டோக்கள். திருமண வீடியோ கடைசியில் வரட்டும். அதன் பிரதி ஸ்டுடியோக்காரரிடமோ சம்பந்தி வீட்டிலோ இருக்கக்கூடும். காப்பி ஒரு ஃபைலில் சிக்கி நின்றால் அதைத் தவிர்த்துவிட்டு அடுத்ததற்குச் செல்லுங்கள்.

முக்கியமானவை வந்தபின், லினக்ஸ் தெரிந்தவர் உறவில் இருந்தால் ‘டிடி ரெஸ்க்யூ’ என்ற இலவச மென்பொருளால் முழு டிஸ்க்கையும் அப்படியே நகலாக எடுக்கச் சொல்லுங்கள். அது எளிதில் படிக்கக்கூடிய பகுதிகளை முதலில் எடுத்துவிட்டுப் பழுதான இடங்களுக்குப் பிறகு திரும்பி வரும். எதுவரை வந்தது என்று குறித்துக்கொள்வதால் நிறுத்தி மறுநாள் தொடரலாம். மூலம் எது, நகல் எது என்பதை மாற்றிக் கொடுத்தால் வெறும் டிஸ்க் உங்கள் டிஸ்க்கின்மேல் எழுதப்பட்டுவிடும். எனவே என்டர் தட்டும் முன் இரண்டு பேராகச் சரிபார்க்கவும்.

சத்தம் இடைவிடாமல் வந்தாலோ, கணினி டிஸ்க்கை அறவே காணாவிட்டாலோ அங்கேயே நிறுத்துங்கள். அதன்பின் அது தரவு மீட்பு லேபின் வேலை. மேசையில் வைத்தே ஸ்குரூடிரைவரால் மூடியைத் திறந்து பார்க்கிறேன் என்பவரிடம் கொடுக்காதீர்கள். ஒரு தூசி போதும் ஹெட்டைக் கெடுக்க. மூடியைத் திறந்தால் வாரண்டியும் போய்விடும். லேபில் திறந்தால் ஏற்பதாகச் சில தயாரிப்பாளர்கள் சொல்வதுண்டு, அதை முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கடைக்காரர் சொன்னதில் ஒரு பாதி சரி. வாரண்டி டிஸ்க் என்ற பொருளுக்குத்தான், உள்ளிருக்கும் தரவுக்கு அல்ல; தரவு இழப்பைத் தயாரிப்பாளர்கள் பொதுவாக விலக்கியே எழுதுகிறார்கள். மாற்றாக வருவதும் பெரும்பாலும் பழுதுபார்த்த டிஸ்க்காகவே இருக்கும். ஆனால் மாற்றித் தரவே மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். அதிலும் தீராவிட்டால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குச் செல்லலாம்; கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. வெளுத்துப்போகும் தாளில் அச்சிட்ட பில்லை இன்றே போட்டோ எடுத்து வையுங்கள்.

ஒரு தயக்கம் மட்டும் எனக்கு உண்டு. வாரண்டிக்குக் கொடுத்தால் உங்கள் பத்திர ஸ்கேன்களும் போட்டோக்களும் அந்த டிஸ்க்கோடு வெளியூர் போகும். டெலீட் செய்தால் அவை அழியா, பழுதான டிஸ்க்கை முழுமையாக அழிக்கவும் முடியாமல் போகலாம். என் டிஸ்க் என்றால் வாரண்டியை விட்டுவிட்டு அதைச் சுத்தியலால் உடைத்திருப்பேன். நீங்கள் கொடுப்பதென்று முடிவு செய்தால், புதிய டிஸ்க்கில் ஒவ்வொரு ஃபோல்டரிலும் சில ஃபைல்களைத் திறந்து பார்த்து, இன்னொரு பிரதியை மகள் வீட்டில் வைத்தபின் கொடுங்கள். டிஸ்க்கின் வரிசை எண் எழுதிய ரசீதைக் கடையில் கையெழுத்துடன் வாங்கிக்கொள்ளுங்கள்.