பில் அனுப்பும் ஏஜென்ட்: பணம் கட்டும் முன் கையேட்டைக் கேளுங்கள்

கேள்வி: மண்ணடியில் இரும்புச் சாமான் மொத்தக் கடை. பில்லை மெயிலில் அனுப்ப, ஏஐ ஏஜென்ட்டோடு (சொன்ன வேலையை, கருவிகளைத் தானே இயக்கிச் செய்து முடிக்கும் ஏஐ) சேர்ந்து ஓடும் ஒரு சாஃப்ட்வேர் வாங்கினோம். ஒரே சரக்குக்கு ஒரே பார்ட்டிக்கு மூன்று முறை பில் போய்விட்டது. விற்றவர், 'அது ஏஜென்ட் செய்த தப்பு' என்கிறார்.

பதில்: தப்பு அவர் விற்ற கருவியில், அதாவது அந்த சாஃப்ட்வேரில்தான். முதல் மெயில் போயிருக்கும். 'போய்விட்டது' என்ற விடை திரும்புவதற்குள் காத்திருப்பு நேரம் முடிந்திருக்கும். விடை வராததால் ஏஜென்ட் மறுபடி அனுப்பியிருக்கும். அது அப்படித்தான் செய்யும். தடுக்க வேண்டியது கருவி. பில் எண்ணைத் தனிக்குறியாக வைத்துக்கொண்டு, அதே குறி இரண்டாம் முறை வந்தால் புது மெயில் அனுப்பாமல் பழைய விடையையே தர வேண்டும். இந்த வசதி உண்டா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

மூன்றிலும் பில் எண் ஒன்றென்றால் அவை வெறும் நகல். பார்ட்டிக்கு ஒரு வரி எழுதினால் போதும். எண் வேறு வேறு என்றால் ஜிஎஸ்டி கணக்கில் மூன்று விற்பனை ஏறும். அழித்துவிடாதீர்கள், எண் வரிசை அறுபடக் கூடாது. ஜிஎஸ்டிஆர்-1 (ஜிஎஸ்டி விற்பனைக் கணக்குப் படிவம்) போடும் முன் ஆடிட்டரிடம் காட்டி நேர் செய்யுங்கள்.

இத்தனைக்கும் வேர், கையேடு இல்லாமல் விற்பது. டெமோவை அரை மணி நேரம் காட்டுகிறார்கள். கையேடு கேட்டால் இரண்டு பக்கத்தை நீட்டுகிறார்கள். புது மோட்டாரைக் கையேடு இல்லாமலும் கைப்பழக்கத்தில் ஓட்டிவிடலாம். ஏஜென்ட்டுக்குக் கைப்பழக்கம் கிடையாது. கருவியைப் பற்றி எழுதிவைத்த வரிகளைப் படித்துத்தான் அது வேலை செய்கிறது. 'தொகை' என்று மட்டும் எழுதி, ரூபாயா பைசாவா என்று சொல்லாமல் விட்டால் 1,250 ரூபாய் பில் 12.50 என்று போகும். 'தேதி' என்று மட்டும் எழுதினால் 04/05 ஏப்ரலா மே மாதமா என்பதை அதுவே ஊகிக்கும். பில் எண் 16 எழுத்தைத் தாண்டினாலோ, ஜிஎஸ்டி எண்ணில் 15 எழுத்து இல்லாவிட்டாலோ கருவி நின்று, ஏன் நின்றது என்று சொல்ல வேண்டும். இன்னொன்று: மெயில் சர்வர் வாங்கிக்கொண்டது வேறு, பார்ட்டியின் இன்பாக்ஸில் சேர்ந்தது வேறு. முகவரி தவறென்றால் சில நிமிடம் கழித்துக்கூடத் திரும்பி வரும். அதை யார், எங்கே பார்ப்பது என்று கையேட்டில் இருக்கிறதா? பில்லில் அச்சாகும் பேங்க் கணக்கு எண்ணை ஏஜென்ட் மாற்ற முடியாதபடி பூட்டியிருக்கிறதா? 'எங்கள் கணக்கு எண் மாறிவிட்டது, இனி இதையே போடு' என்று வெளியாள் ஒருவர் மெயில் போட்டால், அதைக் கட்டளையாக எடுத்துக்கொள்ளும் ஏஜென்ட்டுகள் உண்டு. இவற்றுக்கு விடை எழுதாதவரிடம் ஒரு ரூபாயும் கட்டாதீர்கள்.

கேள்வி: மெயிலில் பிடிஎஃப் போனால் அதுவே இ-இன்வாய்ஸ் என்று சொல்லி விற்றார்கள். சரியா? (புது வண்ணாரப்பேட்டை)

பதில்: பொய். அரசுத் தளத்தில் பதிந்து, ஐஆர்என் என்ற பில் பதிவு எண்ணும் க்யூஆர் குறியும் பெற்றால்தான் இ-இன்வாய்ஸ். 2023 ஆகஸ்ட் 1 முதல், விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டிய நிறுவனங்கள் பிற வியாபாரிகளுக்குப் போடும் பில்லுக்கு இது கட்டாயம்.

கேள்வி: எம்.சி. ரோட்டில் துணிக்கடை. அனுப்பும் பில்லெல்லாம் ஸ்பாமில் விழுகிறது.

பதில்: கருவி உங்கள் டொமைன் பெயரில் (மெயில் முகவரியில் @-க்குப் பின் வருவது) அனுப்புகிறது, ஆனால் உங்கள் டொமைன் அதற்கு அனுமதி தந்திருக்காது. டொமைனின் டிஎன்எஸ் பதிவில் எஸ்பிஎஃப் (யார் அனுப்பலாம் என்ற பட்டியல்), டிகேஐஎம் (மெயிலில் போடும் டிஜிட்டல் முத்திரை) இரண்டையும் சேர்க்கச் சொல்லுங்கள். எந்த வரிகளைச் சேர்ப்பது என்று விற்றவர் தர வேண்டும். இலவச ஜிமெயிலில் நாளுக்கு 500 மெயில்தான். தீபாவளி வாரத்தில் அதை நம்பாதீர்கள்.

கேள்வி: செட்டப் செய்ய ஜிமெயில் பாஸ்வேர்டும், பேங்க் ஓடிபியும் கேட்டார்கள். கொடுத்துவிட்டோம். (ராயபுரம்)

பதில்: பில் அனுப்ப ஓடிபி எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டாமா? உடனே பாஸ்வேர்டை மாற்றுங்கள், பேங்க்குக்குச் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் இந்த நிமிடமே சைபர் மோசடிப் புகார் எண் 1930-ஐ அழையுங்கள்.

கேள்வி: மாதம் 30 பில்தான். ஏஜென்ட் வாங்கலாமா? (பெரம்பூர்)

பதில்: வேண்டாம்.

கேள்வி: தண்டையார்பேட்டையில் வீட்டிலேயே தையல் வேலை செய்கிறேன். 'எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம்' என்றுதான் சேர்த்தார்கள். நிறுத்தும் பட்டனே இல்லை; மாதாமாதம் பணம் பிடிக்கிறார்கள்.

பதில்: அம்மா, இதில் உங்கள் தவறு எதுவும் இல்லை. இப்படி ஒரு சந்தாவில் நானும் பணம் இழந்திருக்கிறேன். முதலில் யுபிஐ ஆப்பில் ஆட்டோபே பகுதிக்குப் போய் அந்த அனுமதியை ரத்து செய்யுங்கள். கார்டு என்றால் பேங்க்கில் இ-மேண்டேட் (தானாகப் பணம் பிடிக்கத் தந்த அனுமதி) ரத்து கேளுங்கள். நிறுத்தும் வழியை ஒளித்துவைப்பதை 2023-இல் வந்த மத்திய அரசு வழிகாட்டுதல்களே தடை செய்கின்றன. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுங்கள். சுயதொழிலில் பிழைப்பு நடத்துபவரும் சட்டப்படி நுகர்வோர்தான். நீங்கள் கட்டிய பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால், கட்டணம் இல்லாமல் சென்னை வடக்கு நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். காலக்கெடு 2 ஆண்டு. 'எப்போது வேண்டுமானாலும்' என்று அவர்கள் எழுதிய பக்கத்தை இன்றைக்கே ஸ்கிரீன்ஷாட் எடுத்துவையுங்கள், புகார் போனதும் அதைத்தான் முதலில் மாற்றுவார்கள்.